வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே

ஏப்ரல் 15, செவ்வாய்

மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து காலை ரயிலில் வந்து சேர்ந்தேன். சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்தது. ஒன்பது வாரம். லார்க்டன் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஏழு மைல்தான், ஆனால் பனி உருகிய சேற்றில் கார் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு முறையும் இறங்கித் தள்ளினேன். நல்ல கோட்டு பாழ்.

மனைவி ஆக்னெஸ் என்னைப் பார்த்து, "மெம்பர் வந்தாச்சா, இல்ல பன்னி ஏதாவது வந்து நிக்குதா?" என்றாள். ஒன்பது வாரம் நாற்பத்து மூன்று மாடுகளைத் தனியாகக் கட்டி மேய்த்தவள். எதுவும் பேசலாம்.

மாலையில் ஊர் மன்றத்தில் கூட்டம். எல்லோரும் கேட்டது ஒன்றே: கோமாரி. தெற்கே நூற்றிருபது மைலில் மந்தை மந்தையாகச் சுடுகிறார்கள். சட்டத்தை விளக்கினேன். ஒரு மாட்டுக்கு வந்தால் அந்தத் தொழுவமே போகும். அந்தத் தொழுவத்துக்குள் போய்வந்தவனின் தொழுவமும் போகும். அதனால் எச்சில் ஒழுகும் மாடு ஒன்றைப் பார்த்தால்கூட அன்றைக்கே மாட்டு டாக்டர் ப்ளேக்கிடம் சொல்லிவிட வேண்டும், ஒரு நாள் தள்ளினால் பக்கத்து வீட்டுக்காரனைக் கொன்ற மாதிரி என்றேன். ஆற்றைத் தாண்டி நம் பக்கம் வராது என்றும் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து பிக்கெட் கேட்டான்: "எழுதிக் குடுப்பியா?"

சிரித்தார்கள். டிராக்டர் விற்கிறவன், ஜூன் தேர்தலில் என்னை எதிர்த்து நிற்கப் போகிறவன். போன முறை அறுபத்தோரு ஓட்டில் தப்பித்தேன். நானும் சிரித்து வைத்தேன்.

ஏப்ரல் 16

வேலி. நாள் முழுக்க வேலி. கை இந்த வேலையை மறந்துபோயிருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

காலையில் கறக்கப் போனபோது கடைசி வரிசையில் சிவப்புக் கிடாரி தீவனத்தைத் தொடாமல் நின்றது. வாயை மென்றுகொண்டே இருந்தது, ஆனால் வாயில் ஒன்றும் இல்லை. எச்சில் நூலாகத் தொங்கியது. முன்னங்காலை மாற்றி மாற்றி வைத்தது.

வாயைத் திறந்து நாக்கை இழுத்துப் பார்த்தேன். நாக்கில் கொப்புளம். கட்டைவிரல் அகலம்.

உறைந்த பார்லி வைக்கோல் குத்தியிருக்கும். குத்தினால் இப்படி ஆகுமா? ஆகும். என் அப்பா காலத்தில் ஒரு மாட்டுக்கு ஆனது. ஆனதா? சரியாக நினைவில்லை.

மார்ச் கடைசியில் தீவனம் போதாமல் வைக்கோல் வாங்கினோம். ரயில் பெட்டியில் வந்தது. தெற்கிலிருந்து.

கிடாரியைத் தனியாகக் கட்டிவைத்தேன். வெளியே வந்து பூட்ஸைக் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன். ஆக்னெஸ் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே தொழுவத்துக்குள் போனாள். திரும்பி வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இருவரும் சாப்பிட்டோம். ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, சனி

இன்னும் இரண்டு மாடு.

டாக்டர் ப்ளேக்குக்குப் போன் செய்ய எடுத்தேன். எங்கள் லைனில் பதினோரு வீட்டுக்கும் ஒரே கம்பி, யாரும் ஒட்டுக்கேட்கலாம். எடுத்தவுடனே க்ளிக், க்ளிக் என்று மூன்று பேர் எடுக்கிற சத்தம். கோமாரி என்று ஒரு தரம் சொன்னால் சாப்பாட்டு வேளைக்குள் பிக்கெட் கடைவரை போய்விடும். வைத்துவிட்டேன். நேரில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாலை காய்ந்ததும். — சாலை என்ன செய்தது? செவ்வாய்க்கிழமை இதே சாலையில்தானே வந்தேன்.

இனி நடந்ததை உள்ளபடி எழுத வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு வெள்ளைப் பசுவுக்கு வயிற்றில் கன்று திரும்பிக்கொண்டது. நோயில்லாத பசு, முன்வரிசை. எங்களால் முடியவில்லை. ஆக்னெஸ் கயிறு எடுக்கப் போயிருந்தாள். அப்போது ஓஸ்டாப் வந்தான்.

ஓஸ்டாப் மெல்னிச்சுக், வடக்குப் பக்கத்து நிலத்துக்காரன். இருபத்தெட்டு கறவை மாடு. வாரம் இரண்டு முறை க்ரீம் கேனை வண்டியில் ஏற்றி ஊருக்குப் போவான். எங்கள் ஈஸ்டர் போன ஞாயிறே முடிந்தது; அவர்கள் சபைக்கு நாளைதான், அதனால் இன்றே போய்விட்டுத் திரும்புகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கிறான். பசு கத்துவதைக் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கமே கோட்டைக் கழற்றிவிட்டான்.

"மெம்பரே, சட்டசபையில கத்துக்கிட்டது இதுக்கு உதவாது. தள்ளு."

நான் தள்ளினேன். அதாவது வழி விட்டேன்.

நில் என்று சொல்லியிருக்கலாம். உள்ளே வராதே, ஓஸ்டாப். மூன்று சொல். ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவன் தோள்வரை கையைவிட்டு அரைமணி நேரம் போராடிக் கன்றைத் திருப்பி வெளியே எடுத்தான். உயிரோடு வந்தது. வைக்கோலில் மண்டியிட்டு, அதே வைக்கோலில் கையைத் துடைத்தான். கடைசி வரிசைக்குப் போகவில்லை. அங்கே ஏன் மூன்று மாட்டைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்றும் கேட்கவில்லை.

நேராகத் தன் வீட்டுக்குத் திரும்பினான். கறக்க நேரமாகிவிட்டது என்றான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. சளி என்று சொல்லச் சொன்னேன்.

மதியம் கட்சிச் செயலாளர் கார்மைக்கேல் வந்தார். மே பத்தாம் தேதி வேட்பாளர் தேர்வுக் கூட்டத்துக்கு ஏற்பாடு பார்க்க வந்து ஊர் ஓட்டலில் தங்கியிருக்கிறார். வாசலிலேயே காரை நிறுத்தச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. சொல்லக் கூடாத ஆளிடம் சொன்னேன்.

அவர் காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியையும் பாதி ஏற்றிக்கொண்டார்.

"டாக்டர் பாத்தாரா?"

இல்லை என்றேன்.

"அப்ப அது வாய்ப்புண்ணு. மூணு மாடுதானே. உனக்குக் குழி வெட்டத் தெரியாதா, தோர்வால்ட்? இந்தத் தொகுதி போச்சுன்னா நம்ம ஆட்சியே ஆட்டம் காணும். ஆஸ்பத்திரி போச்சு, கரண்ட் கம்பி போச்சு. ஒரு குழி. அவ்வளவுதான்."

அவர் போன பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். போனேன், மறைக்க வேண்டாம். மேல்மண் இளகியிருந்தது, ஓரடிக்குக் கீழே இன்னும் உறைபனி. இரண்டு அடி வெட்டினேன்.

திரும்பி வந்தபோது சமையலறை மேசைமேல் பெரிய ஈஸ்டர் ரொட்டி, மேலே மாவினால் பின்னிய சடை. ஓஸ்டாப்பின் மனைவி பராஸ்கா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கன்று பிழைத்ததற்காக.

ஆக்னெஸ் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவன் உள்ள போறப்ப கயித்தோட நான் வாசல்லதான் நின்னேன், தோர். நானும் வாயத் தொறக்கல. உன்ன மட்டும் சொல்லல நான்," என்றாள். பிறகு, "நாளைக்கு நீ போகலன்னா நான் போவேன்," என்றாள்.

இப்போது ஏழு மாடு.

ஏப்ரல் 21, திங்கள்

போனேன். விடியற்காலையில் சாலை உறைந்து கெட்டியாக இருந்தது. முப்பது நிமிஷம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை விடியலிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

டாக்டர் ப்ளேக் காலைச் சாப்பாட்டில் இருந்தார். என்னை வீட்டுக்குள் விடாமல் பின்வாசலிலேயே நிறுத்தி நோட்டுப்புத்தகத்தை எடுத்தார்.

"எப்பப் பாத்தீங்க?"

"இன்னைக்குக் காலைல."

எப்படி வந்தது அந்தப் பதில்? வழியெல்லாம் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று சொல்லிக்கொண்டே போனவன் நான்.

பத்து நாளில் தொழுவத்துக்குள் யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். நானும் மனைவியும், சனிக்கிழமை ஓஸ்டாப் மெல்னிச்சுக் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அடப்பாவமே. ரெண்டே நாள் முந்தி. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 22

ப்ளேக் ரப்பர் உடுப்போடு வந்து எல்லா வாயையும் பார்த்தார். சிவப்புக் கிடாரியிடம் வெகுநேரம் நின்றார். "இது நாலு நாள் ஆன புண்ணு," என்றார். நான் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி. தெனம் ஒவ்வொரு மாட்டு வாயையும் யார் தொறந்து பாக்கறா," என்று தானே சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார். அவர் எனக்குத் திறந்துவிட்ட கதவு. நுழைந்துவிட்டேன்.

வாசலில் போலீஸ்காரர் காவல். சாலையில் கிருமிநாசினி ஊற்றிய வைக்கோல் மெத்தை.

ஏப்ரல் 24

சோதனை முடிவு தந்தியில் வந்துவிட்டது. கோமாரிதான். சுட வேண்டிய தொழுவம் இரண்டு: எங்களுடையது, ஓஸ்டாப்புடையது. லைனில் மற்ற ஒன்பது வீட்டுக்கும் மாடு நடமாட்டத் தடை மட்டும்.

அவன் மாடுகளுக்கு இதுவரை ஒன்றும் இல்லையாம். நன்றாகச் சாப்பிடுகிறதாம்.

ஏப்ரல் 26, சனி

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். புல்டோசர் நேற்றே பள்ளம் வெட்டியிருந்தது. மாடுகளைப் பள்ளத்துக்கு ஓட்டிப்போக ஆள் வேண்டும் என்றார்கள். பழகிய ஆள் கூப்பிட்டால் சலனமில்லாமல் வரும் என்றார்கள். நான் கூப்பிட்டேன். வந்தன.

போன சனிக்கிழமை பிறந்த கன்றுக்கு ஏழு நாள். அதுவும் அம்மாவின் பின்னால் வந்தது.

பதினொரு மணிக்கு முடிந்தது. ஆட்கள் தேநீர் குடித்துவிட்டு வடக்கே போனார்கள். மதியத்திலிருந்து அங்கிருந்து சத்தம். ஆக்னெஸ் ஜன்னலைச் சாத்தவில்லை. சாத்தட்டுமா என்று நான் எழுந்தபோது, "உக்காரு. கேளு," என்றாள்.

ஏப்ரல் 27

ஐந்து மணிக்கு எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்து வாசல்வரை போய்விட்டேன்.

மே 3

காவலில் நிற்கும் போலீஸ்காரர் பத்திரிகையைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் என் படம். 'தன் மந்தையைத் தானே காட்டிக்கொடுத்த உறுப்பினர்.' நோயைக் கண்ட காலையிலேயே தேர்தலை நினைக்காமல் டாக்டர் வீட்டுக்கு ஓடியவராம் நான். இந்தத் தொகுதி இப்படி ஒரு ஆளைப் பெற்றதற்குப் பெருமைப்பட வேண்டுமாம், இன்னும் என்னென்னவோ.

போனில் கார்மைக்கேலுக்கு ஒரே சந்தோஷம். குழி வெட்டச் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. பிக்கெட் முகத்தில் ஈயாடவில்லையாம். கடைசியாகச் சொன்னார்: "இன்னொண்ணு. பத்தாம் தேதி உன் பேர முன்மொழியப் போறது யாரு தெரியுமா? மெல்னிச்சுக். நாங்க கேக்கல. அவனே போன் பண்ணிக் கேட்டான்."

லைனில் யாரோ மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. யாராக இருந்தாலும் அவர்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

ஆக்னெஸிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சீவிக்கொண்டே இருந்தாள்.

மே 5

விதைப்பு. டிராக்டர் சத்தத்தில் எதுவும் யோசிக்க வேண்டாம் என்று நினைத்தேன். அது பொய்.

மே 7

இன்றும் ஓஸ்டாப்பிடம் போகவில்லை. வாசல் காவல் இருக்கிறது என்பது சாக்கு. நாளை எடுத்துவிடுவார்கள். அப்புறம் என்ன சாக்கு?

மே 9, வெள்ளி

போனேன்.

ஓஸ்டாப் தொழுவத்தில் புதுப் பலகை அடித்துக்கொண்டிருந்தான். பழைய தரையைப் பெயர்த்து எரித்தாகிவிட்டது. சுவரெல்லாம் சுண்ணாம்பு. கிருமி போகக் கழுவிய காஸ்டிக் சோடா நெடி கண்ணை எரித்தது. ஒவ்வொரு மாடு நிற்கும் இடத்துக்கும் மேலே ஒரு சின்னப் பலகையில் பேர் எழுதி வைத்திருப்பான். அதையும் எரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன.

என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டுச் சிரித்தான். "நாளைக்கு என்ன பேசணும்னு பராஸ்கா எழுதி வச்சிருக்கா. இங்கிலீஷ்ல. நான் படிச்சா நீ தோத்துருவே," என்றான்.

நான் நின்றபடியே சொன்னேன். வெள்ளிக்கிழமையே பார்த்தேன், நீ வந்தபோது எனக்குத் தெரியும் என்று. சுற்றி வளைக்கவில்லை.

சுத்தியலை மெதுவாகப் பலகைமேல் வைத்தான். பிறகு கேட்டான், "நான் கோட்டு கழட்டுறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் வைக்கோல்ல கை தொடைக்கிறப்ப?"

"தெரியும், ஓஸ்டாப்."

தன் கையைப் பார்த்துக்கொண்டான். "கெட்ட நேரம்னு நெனச்சிருந்தேன்," என்றான். "கெட்ட நேரம் எல்லாருக்கும் வரும். அதோட நான் வாழ்ந்திருப்பேன். எங்கப்பன் வாழல? இப்ப நீ வந்து அதையும் எடுத்துட்டே."

நாளைக்கு நானே மேடையில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லு, சொல்லாதே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா எந்திரிச்சு வருமா?" சுத்தியலை எடுத்தான். "போ. எனக்கு வேலை இருக்கு."

வெளியே வந்து கார்வரை நடந்தேன். உள்ளே ஆணி அடிக்கிற சத்தம் கேட்கும் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

மே 10, சனி

மன்றம் நிரம்பி ஆட்கள் படிக்கட்டில் நின்றார்கள். முன்வரிசையில் ஓஸ்டாப்புக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. கார்மைக்கேல் மூன்று முறை கடிகாரம் பார்த்தார்.

நானே எழுந்தேன். என் பேரை யாரும் முன்மொழிய வேண்டாம், நான் நிற்கவில்லை என்றேன். ஏன் என்று யாரோ கேட்டார்கள். இப்போது சொல், இப்போது. வாயைத் திறந்தேன். "பண்ணை சுத்தமா அழிஞ்சு கெடக்கு," என்றேன். "மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவ்வளவுதான் வந்தது.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். என் ஆயுளில் எந்தக் கூட்டத்திலும் எனக்கு அப்படிக் கைதட்டு விழுந்ததில்லை. ஆக்னெஸ் மட்டும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

என் இடத்துக்குப் பள்ளி ஆசிரியை மிஸ் டால்க்ளீஷைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல பேச்சாளி.

ஜூன் 12

பிக்கெட் இருநூற்றுப் பதினெட்டு ஓட்டில் ஜெயித்தான். மாகாணத்தில் எங்கள் ஆட்சி நீடிக்கிறது. என் ஒரு தொகுதியால் எதுவும் ஆட்டம் காணவில்லை.

ஜூலை 20

தபால் நிலையத்தில் ஓஸ்டாப். எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், யாருக்கும் பிடிப்பதுபோல. முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30

நோய் போய்விட்டதா என்று சோதிக்க அரசு கொண்டுவந்து விட்ட இரண்டு கன்றுகளும் எங்கள் தொழுவத்தில் அறுபது நாள் நோயில்லாமல் நின்றுவிட்டன. ஓஸ்டாப் தொழுவத்திலும் அப்படியே என்று ப்ளேக் சொன்னார். இனி மனுப் போட்டால் மாடு வாங்கலாம். நான் இன்னும் போடவில்லை. கோதுமை நன்றாக இருக்கிறது. அதைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

மூன்று மணி இருக்கும். வாசலில் ஓஸ்டாப்பின் லாரி வந்து நின்றது. அவன் இறங்கவில்லை, என்ஜினையும் நிறுத்தவில்லை. பராஸ்கா மட்டும் இறங்கி வந்தாள். கையில் கவர்.

மாடு வாங்குவதற்கான மனு. நாளையோடு கெடு. பதினோரு வருடமாக இந்த வட்டாரத்தில் பென்ஷன், பிரஜாவுரிமை, எந்த இங்கிலீஷ் மனுவும் இந்த மேசையில்தான் நிரப்பப்பட்டது. பிக்கெட்டிடம் இரண்டு தரம் போனாளாம், அவன் ரெஜைனாவில் இருக்கிறானாம்.

"அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு," என்றாள். "எனக்கு மாடு வேணும். கையெல்லாம் சும்மா இருக்கு." அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவள் முகத்தைப் பார்த்து அறிய முடியவில்லை. உட்காரவும் இல்லை.

நிரப்பினேன். பேர், நிலம், எத்தனை மாடு, தரை மாற்றிய தேதி. ஒன்பதாவது கேள்வி: நோயோ அதன் தொடர்போ எவ்வழியாக மந்தைக்கு வந்தது என்று மனுதாரர் கருதுகிறார்?

இதில் எல்லோரும் 'தெரியாது' என்றுதான் எழுதுகிறார்கள். 'தெ' கூட எழுதிவிட்டேன். அடித்தேன்.

பிறகு எழுதினேன்: 'ஏப்ரல் 18 வெள்ளிக்கிழமையே என் மாட்டில் நோயைப் பார்த்தேன். ஏப்ரல் 19 சனிக்கிழமை மனுதாரர் எனக்கு உதவத் தொழுவத்துக்குள் வந்தபோது எச்சரிக்காமல் உள்ளே விட்டேன். ஏப்ரல் 21 அன்று டாக்டரிடம் நான் சொன்ன தேதி பொய். மனுதாரர்மீது எந்தத் தவறும் இல்லை.' கீழே என் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தோர்வால்ட் எங்கென்.

இது ரெஜைனாவுக்குப் போகும். கேஸ் வரும். வரட்டும்.

ஆக்னெஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். மை காய ஊதினாள்.

பராஸ்கா காகிதத்தை வாங்கிக்கொண்டு லாரிக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக அவனுக்குப் படித்துச் சொன்னாள். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் முடித்தாள். மறுபடி அந்த இடத்தைப் படிக்கச் சொன்னான் போலிருக்கிறது. விரல் மேலே போனது.

பிறகு என்ஜின் நின்றது.

ஆக்னெஸ் அலமாரியைத் திறந்து இன்னும் இரண்டு கோப்பைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.